பாலக்கரை அப்பாயியும் குன்னூர் சீஸும்!

திருச்சி பாலக்கரையின் பெயரில் பால் இருப்பதாகத்தான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். தமிழாசிரியர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பாலும் கடலும் சேர்ந்தால் பாற்கடல். அதே கணக்கில் பாலும் கரையும் சேர்ந்திருந்தால் பாற்கரை என்றல்லவா ஆகியிருக்க வேண்டும்? பாலக்கரை என்றால் இலக்கணப்படி பாலத்தின் கரைதான்.

ஆனால், அந்தத் தெருவின் 78 வயது அப்பாயிக்கு இந்தப் புணர்ச்சி விதியெல்லாம் தேவையில்லை. முப்பது வருடங்களுக்கு மேலாகத் தயிர்ப்பானையோடு 1-ம் நம்பர் பஸ் ஏறி, காவிரிப் பாலத்தைத் தாண்டி, ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் தயிர் விற்றவர் அவர். வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் நான்கு மாடுகள் நின்ற காலம் அது. இப்போது அந்த இடத்தில் இரண்டு பைக்குகள் நிற்கின்றன. ‘பால் இல்லாமலா பாலக்கரை?’ என்பது அவர் கட்சி.

அவரைப் போய் சீஸ் செய்யும் பண்ணைக்கு அழைத்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? போன குளிர்காலத்தில் ஒரு வார இறுதியில் அந்தக் குடும்பம் அதைத்தான் செய்தது. சுற்றுலா என்று சொல்லித்தான் கிளம்பினார்கள். உண்மையில் அது ஒரு பஞ்சாயத்து.

மாட்டை விற்றுப் படிப்பு, படிப்பை விற்று மாடு

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் இன்ஜினீயர், வயது 29, சென்னையில் ஐ.டி. வேலை. மகள் திருச்சியிலேயே கல்லூரியில் படிக்கிறாள். தீபாவளிக்கு வந்த மகன், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு நிதானமாகச் சொன்னான்: “வேலைய விடலாம்னு இருக்கேன். மணப்பாறை பக்கம் அம்மாவோட ரெண்டு ஏக்கர்ல மாடு வளர்த்து, சீஸ் பண்ணப் போறேன்.”

அப்பா கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். “மாட்ட வித்து உன்னப் படிக்க வச்சேன். நீ படிப்ப வித்து மாடு வாங்கப் போறியா?”

அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. போனில்கூட அம்மா வழியாகத்தான் சேதி போனது. மகள்தான் வழி கண்டுபிடித்தாள். சீஸ் செய்யும் இடத்தை எல்லோருமாகப் போய்ப் பார்ப்பது, பார்த்துவிட்டு அப்பாயி என்ன சொல்கிறாரோ அதுவே முடிவு. அப்பாயி பேச்சை அப்பாவும் மீற மாட்டார், அண்ணனும் மீற மாட்டான்.

தமிழ்நாட்டில் சீஸ் செய்யும் இடங்கள் என்று பார்த்தால் கொடைக்கானல், ஆரோவில், குன்னூர் ஆகிய மூன்றும்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். ஆரோவில்லில் ‘லா ஃபெர்ம்’ இருக்கிறது. கொடைக்கானல் சீஸ் பல ஊர் பெரிய கடைகளின் குளிர்ப்பெட்டிகளிலேயே கிடைக்கிறது. ஆனால், தங்கி, கையை நனைத்து, கற்றுக்கொண்டு திரும்புவதற்கு குன்னூரில் உள்ள ‘ஏக்கர்ஸ் வைல்டு’ பண்ணையைத்தான் மகள் தேர்ந்தெடுத்தாள். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே 22 ஏக்கரில் இயற்கை விவசாயம், மாடுகள், சீஸ் அறை, தங்குவதற்குக் குடில்கள்.

அந்தப் பண்ணையை உருவாக்கியவர் மன்சூர் கான். 1988-ல் வெளிவந்து இந்தியாவையே கலக்கிய ‘கயாமத் சே கயாமத் தக்’ இந்திப் படத்தின் இயக்குநர். அமீர் கானின் பெரியப்பா மகன்தான். 1992-ல் ‘ஜோ ஜீதா வஹி சிக்கந்தர்’, 2000-ல் ‘ஜோஷ்’ எல்லாம் எடுத்துவிட்டு, 2003-ல் மும்பையை விட்டுக் குடும்பத்தோடு குன்னூருக்கு வந்தவர். அதற்கும் முன்னால் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவர்.

இந்தக் கடைசித் தகவலை மகள் படித்துக் காட்டியபோது மகன் மெல்லச் சிரித்தான். அப்பாவும் சிரித்தார், வேறு மாதிரி. “அவங்கப்பா பெரிய சினிமா புரொடியூசர். உங்கப்பா பொன்மலை ஃபிட்டர்” என்றார். மூன்று மாதத்தில் மகனைப் பார்த்து அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

பொன்மலை இன்ஜின் தள்ளிக்கொண்டு போகிறது

மயிலாடுதுறையிலிருந்து வரும் ஜன் சதாப்தியில் சனிக்கிழமைக்கு முந்தைய மாலை திருச்சி ஜங்ஷனில் ஏறி, கரூர், ஈரோடு வழியாகக் கோவை. ராத்திரி அங்கே தங்கி, விடிவதற்கு முன்னால் மேட்டுப்பாளையம். இந்தப் பயணத்துக்கு அப்பா சம்மதித்ததற்கு ஒரே காரணம், மலை ரயில்.

ஊட்டி மலை ரயிலின் நீராவி இன்ஜின்களுக்கும் திருச்சிக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. அவற்றைப் பிரித்துப் பழுது பார்த்துத் திரும்ப ஓடவைப்பது பொன்மலைப் பணிமனைதான். பழுது பார்த்ததோடு நிற்கவில்லை. பழைய சுவிட்சர்லாந்து இன்ஜின்களைப் பார்த்துப் பார்த்து, எண்ணெயில் ஓடும் புதிய நீராவி இன்ஜின்களையே அங்கே செய்தார்கள். 2021-ல் நிலக்கரியில் ஓடும் புது இன்ஜினும் பொன்மலையிலிருந்தே மலைக்குப் போனது. டீசலும் மின்சாரமும் வந்தபிறகு நீராவி இன்ஜினைப் புதிதாகச் செய்வது என்றால், அதற்கு அந்தக் கைகள் இன்னும் மறக்காமல் இருந்திருக்க வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்குமான பாதை 1899-ல் திறக்கப்பட்டது. 1908-ல் ஊட்டியை எட்டியது. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மொத்தம் 46 கி.மீ., 16 குகைகள், 250 பாலங்கள். கல்லார் தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்கும். 12 அடி போனால் 1 அடி ஏறும் செங்குத்து. இன்ஜினின் பல்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக் கவ்வி ஏறும். இன்ஜின் முன்னால் இழுப்பதில்லை. பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது.

“பாரு, நம்ம பின்னாடி நின்னு தள்றவன்தான் மேல ஏத்துவான்” என்று அப்பா பொதுவாக ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். யாருக்குச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி. ஹில்குரோவில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிப்பார்கள், பயணிகள் டீ குடிப்பார்கள், குரங்குகள் பிஸ்கட் பிடுங்கும். 28 கி.மீ. தூரத்துக்கு மூன்றரை மணி நேரம். அப்பாயி சால்வையைச் சுற்றிக்கொண்டு வழி முழுக்க மலைச்சரிவில் மாடு தெரிகிறதா என்றே பார்த்துக்கொண்டு வந்தார்.

குன்னூரில் இறங்கினால் எல்லோரும் போவது 1874-ல் உருவான சிம்ஸ் பூங்காவுக்கு. இவர்களும் போனார்கள், ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். பண்ணைக்குப் போய்ச் சேர்ந்ததும் பெட்டிகளை இறக்குவதற்கு முன்பே அப்பாயி மாட்டுக் கொட்டகையில் இருந்தார்.

கன்னுக்குட்டி கேள்வி

மறுநாள் காலை சீஸ் வகுப்பு. தங்குகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் பாலிலிருந்து கட்டியாகும் வரை ஒவ்வொரு படியையும் கற்றுத் தருகிறார்கள். அன்று செய்து பார்த்தது ‘கோல்பி’ வகை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கோல்பி என்ற சிற்றூரில் 1885-ல் பிறந்த சீஸ். செடாருக்குத் தம்பி என்று சொல்லலாம். அவ்வளவு காரம் இல்லாதவன், சீக்கிரம் தயாராகிறவன்.

தொடங்குவதற்கு முன்பே ஒரு தடங்கல். பாலை உறையவைக்க ரென்னெட் சேர்ப்பார்கள் என்று மகள் முந்தின இரவே போனில் படித்துச் சொல்லியிருந்தாள். அது என்ன என்று அப்பாயி கேட்க, அவளும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். பால் குடிக்கும் கன்றின் நான்காவது இரைப்பையில் ஒரு நொதி சுரக்கிறது. தாய்ப்பாலைக் கட்டியாக்கி, மெதுவாகச் செரிக்கவைப்பதற்காக இயற்கை வைத்த ஏற்பாடு. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக, அறுத்த கன்றின் இரைப்பையிலிருந்துதான் அதை எடுத்துச் சீஸ் செய்தார்கள்.

அது ஆடு, கோழி எல்லாம் சாப்பிடும் குடும்பம்தான். ஆனாலும், கன்று என்றதும் அப்பாயி தட்டைத் தள்ளிவைத்துவிட்டார். “கன்னுக்குட்டி வயித்தக் கிழிச்சு உறை ஊத்துவாங்களாமா? அந்தப் பொழப்பு நம்ம வீட்டுக்கு வேணாம்.” பஞ்சாயத்து அங்கேயே முடிந்தது என்று அப்பா நினைத்தார்.

முடியவில்லை. இன்று இந்தியாவில் சீஸ் செய்பவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது பூஞ்சை போன்ற நுண்ணுயிர்களிலிருந்து எடுக்கும் ரென்னெட். அதனால்தான் கடையில் வாங்கும் நம்மூர் சீஸ் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறது. வெளிநாட்டுச் சீஸ் வாங்குகிற சைவர்கள்தான் அட்டையைத் திருப்பிப் படிக்க வேண்டும். மறுநாள் காலையில் அப்பாயி அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டு, பூஞ்சையிலிருந்து வந்ததுதான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே அடுப்புப் பக்கம் வந்தார்.

கை சொன்ன சூடு

பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் 20 லிட்டர் பால். 63 டிகிரி வரை காய்ச்சி அரை மணி நேரம் அதே சூட்டில் வைத்து, பிறகு குளிர்ந்த நீரில் பாத்திரத்தை வைத்து 30 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். மகன் கையில் தெர்மாமீட்டர். அப்பாயி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பாத்திரத்தின் வெளிப்பக்கம் புறங்கையை வைத்தார். “இன்னும் ரெண்டு நிமிசம் போகட்டும்.” இரண்டு நிமிடத்தில் முள் 30-க்கு வந்தது. அப்பா கவனித்தார், மகனும் கவனித்தான்.

அடுத்தது உறை. நம் வீட்டு உறைமோரில் இருப்பதும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாதான், சீஸுக்குச் சேர்ப்பதும் அந்தக் குடும்பம்தான். ஆனால், இங்கே அது உறைநிலையில் உலர்த்திய தூளாக ஒரு சின்ன உறைக்குள் வருகிறது. ஒரு சிட்டிகை தூவினால் போதும். அப்பாயிக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டில் உறைமோர் தீர்ந்துபோன நாளில் மிளகாய்க் காம்பை வெதுவெதுப்பான பாலில் போட்டுத் தயிராக்கியவர் அவர். “இந்தத் தூளு தீந்துட்டா என்னடா பண்ணுவ?” என்று பேரனைக் கேட்டார். மகனிடம் பதில் இல்லை. வெளியிலிருந்து வாங்கும் உறையை நம்பித்தான் உலகத்தின் பெரிய சீஸ் ஆலைகளே ஓடுகின்றன என்று சொல்லியிருக்கலாம். ஆனால், அந்தக் கேள்வி தொழில் செய்கிறவர் கேட்கும் கேள்வி.

ஒரு மணி நேரம் கழித்து ரென்னெட். தண்ணீரில் கரைத்து ஊற்றி, ஒரு நிமிடம் கலக்கி, பிறகு பாத்திரத்தைத் தொடவே கூடாது. அரை மணிக்கு மேல் சென்றதும் கத்தி முனையைச் செருகித் தூக்கிப் பார்த்தால், பளிச்சென்று வெடிப்பு விட்டு, பிளவில் தெளிந்த நீர் தெரிய வேண்டும். தெரிந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயம். நம்மூர்ச் சமையலறையில் பால் திரிந்துபோனால் வீட்டில் ஏதோ சரியில்லை என்று முகம் சுருங்கும். வேண்டுமென்றே பாலைத் திரிப்பது வழக்கத்தில் இல்லாத காரியம். நம் இனிப்புகளையே பாருங்கள். பால்கோவா, திரட்டுப்பால் எல்லாம் பாலைச் சுண்டக் காய்ச்சியவை. வங்காளத்து ரசகுல்லா மட்டும் திரித்த பாலில் பிறந்தது. ஹூக்ளி நதிக்கரையில் குடியேறிய போர்ச்சுகீசியர்கள்தான் அந்தப் பழக்கத்தை வங்காளத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்பது உணவு வரலாறு எழுதியவர்கள் சிலரின் கருத்து. அவர்கள் இருந்த பாண்டேல் ஊரின் பெயரில் இன்றும் கொல்கத்தாவில் சீஸ் விற்கிறது. பன்னீர் வடக்கிலிருந்து நமக்கு வந்துசேர்ந்தது நேற்றைய கதை.

எலுமிச்சையைப் பிழிந்து திரிப்பதும் ரென்னெட்டில் உறையவைப்பதும் ஒன்றல்ல. புளிப்பில் திரிந்த பால் பொலபொலவென்று உதிரும், சூடு பட்டாலும் உருகாது. பன்னீர் குழம்பில் கொதித்தும் கரையாமல் கிடப்பது இதனால்தான். ரென்னெட்டில் கட்டியான பாலுக்கு இழுவை உண்டு, உருகும். பீட்சாவில் நூல் நூலாக வருவது அதுதான். இதற்கும் விதிவிலக்கு உண்டு. சைப்ரஸ் தீவின் ஹலூமி ரென்னெட்டில் செய்ததுதான், தோசைக்கல்லில் போட்டாலும் உருகாமல் வறுபடும்.

தமிழில் பாலாடைக்கட்டி என்று பாடப்புத்தகம் சொல்கிறதே, அந்தப் பெயர் கொஞ்சம் வில்லங்கம். பாலாடை என்றால் பாலின் மேல் படியும் ஏடு. சீஸுக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தமில்லை. கடையில் போய் யாரும் பாலாடைக்கட்டி கேட்பதும் இல்லை.

தண்ணிய என்ன பண்றீங்க?

கட்டியான பாலைச் சின்னச் சின்னச் சதுரமாக நறுக்கி, மறுபடி மெதுவாக 39 டிகிரி வரை சூடேற்றிக் கிளற வேண்டும். இந்த வேலை அம்மாவிடம் வந்தது. அல்வா கிண்டுகிற பொறுமை வேண்டும் இதற்கு. அவசரப்பட்டால் சதுரங்களின் வெளிப்புறம் இறுகி, உள்ளே நீர் சிறைப்பட்டுவிடும். பிறகு மோர்நிறத்தில் பிரிந்த நீரை வடித்து, குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக் கழுவுகிறார்கள். கோல்பிக்கே உரிய படி இது. புளிப்பு குறைந்து, சீஸ் மென்மையாக வருவது இந்தக் கழுவலால்தான்.

உப்புப் போட்டு, துணி விரித்த அச்சில் நிரப்பி, பாரம் ஏற்றினால் முக்கால்வாசி வேலை முடிந்தது. 20 லிட்டர் பாலுக்கு இரண்டு கிலோ சீஸ்.

எல்லோரும் அச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாயி மட்டும் வடித்த நீர் நிறைந்த பாத்திரங்களைப் பார்த்தார். “இம்புட்டுத் தண்ணிய என்ன பண்றீங்க?”

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பத்து லிட்டர் பாலில் ஒரு கிலோ போக மீதி எல்லாம் அந்த நீர்தான். அதில் புரதமும் சர்க்கரையும் இன்னும் இருக்கிறது. ஜிம் பையன்கள் டப்பா டப்பாவாக வாங்கும் ‘வே புரோட்டீன்’ இதை வடிகட்டி உலர்த்தியதுதான். பண்ணைகளில் இதை மாட்டுக்குத் தீவனத்தோடு வைப்பார்கள். அல்லது 90 டிகிரி அளவுக்குச் சூடேற்றினால் வெண்மையாகத் திரிதிரியாக மேலே வரும். அதுதான் ரிக்கோட்டா. இத்தாலிய மொழியில் மறுபடி வேகவைத்தது என்று பொருள்.

அன்று ரிக்கோட்டா செய்தார்கள். அப்பாயி அதில் ஒரு கைப்பிடி எடுத்து, வெல்லம் நுணுக்கிப் போட்டு, ஏலக்காய் கேட்டு வாங்கிச் சேர்த்துப் பிசைந்து எல்லோருக்கும் உருண்டை பிடித்துக் கொடுத்தார். இத்தாலிக்காரர் யாராவது பார்த்திருந்தால் வேறொரு பெயர் வைத்திருப்பார்.

மூன்று மாதக் கடன்

சாயங்காலம் குடில் வாசலில் அப்பா சின்ன நோட்டை எடுத்தார். ஃபிட்டரின் கணக்கு. லிட்டர் 40 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு கிலோ சீஸுக்குப் பால் செலவு மட்டும் 400. கோல்பி உருண்டையை ஓரிரு மாதமாவது முதிரவைக்க வேண்டும். இன்னும் கெட்டியான வகைகளுக்கு ஆறு மாதம், ஒரு வருடம். முதிரும் அறை 10 முதல் 13 டிகிரிக்குள், ஈரப்பதத்தோடு இருக்க வேண்டும். தினம் தினம் திருப்பி வைக்க வேண்டும். காய்ந்து எடையும் குறையும்.

“குன்னூர்ல ஆண்டவன் ஏசி போட்டு வச்சிருக்கான். மணப்பாறைல அக்னி நட்சத்திரத்துல 40 டிகிரி. கரன்ட் பில் யார் கட்டுவா?” என்றார். இந்த முறை நேராக மகனைப் பார்த்துத்தான் கேட்டார்.

மகன் தயாராகத்தான் வந்திருந்தான். முதிரவைக்கும் சீஸோடு தொடங்கப் போவதில்லை. அன்றன்றே விற்கிற மொசரெல்லாவும் பன்னீரும்தான் முதலில். மொசரெல்லாவின் அசல் ஊரான இத்தாலியின் தென்பகுதியில் அதை எருமைப் பாலில்தான் செய்கிறார்கள். எருமைப் பாலில் கொழுப்பும் புரதமும் அதிகம், சீஸும் அதிகம் விழும். எருமை என்றதும் அப்பாயி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்ரீரங்கத்தில் அவர் தயிர் கத்தியால் வெட்டி எடுக்கும்படி இருந்ததற்குக் காரணமே எருமைதான். அதை யாரும் கேட்காமலேயே இத்தனை வருடம் ரகசியமாக வைத்திருந்தாராம்.

எருமை என்றால் அந்த மலைக்கே ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரர்கள் வந்து குன்னூரிலும் ஊட்டியிலும் பங்களா கட்டுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நீலகிரியில் எருமை மேய்த்து வாழ்கிறவர்கள் தோடர்கள். அவர்களுக்குப் பால்மனைதான் கோயில். பாதிப் பீப்பாயைக் கவிழ்த்தது போன்ற கூரை, குனிந்து தவழ்ந்து நுழையும் அளவுக்கு ஒரு வாசல். உள்ளே பால் கறந்து வைத்து வெண்ணெய் எடுப்பவரே பூசாரி. அதற்கென்று விரதம், கட்டுப்பாடு எல்லாம் உண்டு. டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் இவர்களைப் பற்றி 1906-ல் எழுதிய பெரிய புத்தகம் இன்றும் மானிடவியல் படிப்பவர்களுக்குப் பாடம். மகள் இதை வாசித்துக் காட்டியபோது அப்பாயி கையெடுத்துக் கும்பிட்டார். எந்தத் திசையில் கும்பிடுவது என்று தெரியாததால் பொதுவாகக் கும்பிட்டார்.

பிறகு பேரனைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டார்.

“தயிருக்கு ஒரு ராத்திரிதான்டா கடன். சாயங்காலம் உறை ஊத்தி காலைல காசாக்கிருவேன். நீ சொல்ற இதுக்கு மூணு மாசக் கடன். அந்த மூணு மாசமும் மாடு தின்னும்.”

“தெரியும் அப்பாயி.”

“மாடு கறக்கத் தெரியுமா?”

அவன் பேசவில்லை.

“சினையா இருக்கறது தெரியுமா? மடிநோய் வந்தா பாலத் தொட்டுப் பாத்தே சொல்லணும், தெரியுமா? இன்னைக்கு நீ கத்துக்கிட்டது கடைசி வேலை. மொத வேலை கொட்டகைல இருக்கு.”

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு அப்பா எழுந்து வெளியே வந்தபோது மகன் படுக்கையில் இல்லை. கொட்டகைக்குப் போய்க் கேட்டுக்கொண்டு, ஒரு பசுவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் சால்வையைத் தலையில் சுற்றிய அப்பாயி. “கட்டை விரல மடக்காத. வலிக்கும் அதுக்கு.” பாத்திரத்தில் விழுந்தது கால் லிட்டர்கூட இருக்காது. அப்பா அங்கேயே நின்று பார்த்துவிட்டு, யாரும் கவனிப்பதற்குள் உள்ளே போய்விட்டார்.

நீங்கள் போவதாக இருந்தால்…

மலை ரயிலுக்கு டிக்கெட் முன்பதிவு இல்லாமல் கிளம்பாதீர்கள். விடுமுறை நாட்களில் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். மழைக்காலத்தில் மண் சரிந்து ரயில் நிற்பதும் உண்டு, பேருந்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பண்ணைக்குத் தங்கவும் வகுப்புக்கும் முன்பே பேசி உறுதி செய்துகொள்ள வேண்டும். சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வருகிற பொருட்காட்சி அல்ல அது. பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் கட்டாயம். நாங்கள் செய்த சீஸை உடனே சாப்பிடலாம் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள். கெட்டி வகைகளில் அது நடக்காது என்று வீட்டிலேயே சொல்லி அழைத்துப் போவது நல்லது.

திரும்பி வந்த பிறகு

திருச்சியில் இறங்கியபோது ராத்திரி. பாலக்கரையில் சகாய மாதா பசிலிக்காவின் கோபுரம் விளக்கொளியில் தெரிய, ஆட்டோவில் அப்பாயி தூங்கிக்கொண்டு வந்தார். முடிவு என்ன என்று அவர் இன்னும் சொல்லவில்லை. கேட்கவும் யாருக்கும் தைரியமில்லை. மகன் மறுநாள் மதியம் சென்னைக்குக் கிளம்ப வேண்டும்.

காலையில் பால்காரர் மணியடித்தார். அப்பாயி தானே எழுந்து போய்ப் பாத்திரத்தை நீட்டினார். “எருமப் பாலு இருக்கா? தண்ணி ஊத்தாதது. நாளையிலேருந்து அஞ்சு லிட்டர் வேணும்.”

“என்ன ஆத்தா, விசேஷமா?”

“ஆமா. பேரன் மாசாமாசம் வந்து ரெண்டு நாள் தங்கப் போறான். ஒரு வருசத்துக்கு வேலைய விடாமலே பண்ணிப் பாக்கட்டும். மணப்பாறை சந்தைல ஒரு எருமையும் பாக்கச் சொல்லிருக்கேன், அவங்கப்பன்கிட்ட.”

உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு இது புதுச் செய்தி. அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து பின்பக்கம் போனார். பைக்குகள் நிற்கும் பழைய கொட்டகையின் மூலையில், பல வருடமாகத் தொடாமல் கிடந்த அம்மிக் குழவியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து சமையல்கட்டில் வைத்தார்.

“அச்சு மேல பாரம் வைக்க இது போதுமான்னு அவன எழுப்பிக் கேளு” என்றார் மகளிடம்.